மூன்று புள்ளி வைத்தால் கடல்

ஒரு நெடுஞ்சாலை முழுவதையும் ஒரே வரியில் எழுதிவிட முடியுமா? ஐரோப்பாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். சில ஊர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த வரி இப்படிப் போகும்:

ஷானன் – லிமரிக் – டப்ளின் … லிவர்பூல் – மான்செஸ்டர் – லீட்ஸ் – ஹல் … எஸ்பியர் – ஓடென்ஸே – கோபன்ஹேகன் – மால்மோ – கோத்தன்பர்க் – ஓரெப்ரோ – ஸ்டாக்ஹோம் … தாலின் – நார்வா – செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

இந்தச் சாலைக்குப் பெயர் இ20. அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் தொடங்கி ரஷ்யாவில் முடிகிறது. அயர்லாந்து, பிரிட்டன், டென்மார்க், சுவீடன், எஸ்டோனியா, ரஷ்யா என்று ஆறு நாடுகள். நீளம் சுமார் 1,900 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கு நடுவில் கோடு இருந்தால் வண்டி ஓட்டிக்கொண்டே போகலாம். மூன்று புள்ளி இருந்தால் நடுவில் கடல். புள்ளிக்கு இந்தப் பக்கம் நின்றுபோன சாலை, அதே எண்ணோடு அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும்.

கடலுக்குள் சாலை எப்படிப் போகும் என்று கேட்டால், போகாது. அப்படியானால் இதை ஒரே சாலை என்று எப்படிச் சொல்கிறார்கள்? இது புரிந்துவிட்டால் பன்னாட்டு நெடுஞ்சாலை என்றால் என்ன என்பதும் புரிந்துவிடும்.

சென்னையில் 21ஜி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 21ஜி என்று ஒரு ரோடு கிடையாது. தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் நடுவில் எத்தனையோ ரோடுகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். அவற்றை ஒரு வரிசையில் கோத்து அந்த வரிசைக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இ20-உம் அப்படித்தான். சாலையைப் போட்டவர்கள் அந்தந்த நாட்டு அரசுகள். குழி விழுந்தால் அடைப்பது, சுங்கம் வசூலிப்பது, வேக வரம்பு வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அயர்லாந்தில் இதற்கு எம்7 என்று ஓர் உள்ளூர்ப் பெயர் உண்டு, இங்கிலாந்தில் எம்62, எஸ்டோனியாவில் தேசியச் சாலை 1. இ20 என்பது இவற்றுக்கு மேலே ஒட்டிய சீட்டு.

சீட்டை ஒட்டியவர்கள் ஜெனீவாவில் இருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் என்று ஓர் அமைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகளில், 1950-இல், ஐரோப்பாவின் முக்கியச் சாலைகளுக்குப் பொது எண் கொடுக்கும் முதல் அறிக்கை அங்கே கையெழுத்தானது. இடிந்து கிடந்த கண்டத்தில் ஒரு லாரி எல்லை தாண்டும்போது ஒவ்வொரு நாட்டிலும் புது எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற எளிய யோசனை. இப்போது நடைமுறையில் இருப்பது 1975-இல் போட்டு 1983-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தம். எந்த ஊர் வழியாக எந்த எண் போகும் என்ற பட்டியலோடு, சாலையின் தரம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. பச்சைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து என்ற அடையாளமும் அதில் வந்ததுதான்.

எண் வைத்ததில் ஒரு கணக்கு உண்டு. கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை, வடக்கு தெற்காகப் போவதற்கு ஒற்றைப்படை. கிழக்கு மேற்கில் பெரிய சாலைகள் பூஜ்ஜியத்தில் முடியும். வடக்கே இ10, அதற்குக் கீழே இ20, இ30 என்று எண் ஏற ஏற நாம் தெற்கே இறங்குவோம், இ90 வரை. வடக்கு தெற்குப் பெரிய சாலைகள் ஐந்தில் முடியும், மேற்கிலிருந்து கிழக்காக எண் கூடும். மூன்று இலக்கம் இருந்தால் கிளைச் சாலை. ஆக, இ20 என்று கேட்டவுடனே வரைபடம் பார்க்காமலே சொல்லிவிடலாம்: கிழக்கு மேற்குச் சாலை, ஐரோப்பாவின் வடபாதியில் இருக்கும்.

கணக்கு என்று இருந்தால் மீறலும் இருக்கும். சுவீடனின் இ4 தெற்கு வடக்காக ஓடுகிறது, ஆனால் எண் இரட்டைப்படை. நார்வேயும் சுவீடனும் பகிர்ந்துகொள்ளும் இ6-உம் அப்படியே. இவை பழைய முறையில் வந்த எண்கள். புதுக் கணக்குப்படி இ55, இ47 என்று மாறியிருக்க வேண்டும். இத்தனை நீளச் சாலையில் இத்தனை பலகையையும் மாற்ற யார் செலவு செய்வது என்று இரண்டு நாடுகளும் மறுத்துவிட்டன. ஒப்பந்தம் வளைந்து கொடுத்தது. எனக்கு இதில் ஒரு சந்தோஷம். எவ்வளவு பெரிய சர்வதேச ஏற்பாடாக இருந்தாலும், பெயர்ப்பலகைச் செலவு என்று வந்தால் நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரிதான்.

சரி, சாலையில் இறங்கலாம்.

ஷானன் விமான நிலையத்தின் பெயரை வயதான விமானப் பயணிகள் கேட்டிருப்பார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கிய இடம். உலகின் முதல் வரியில்லாக் கடை 1947-இல் இங்கேதான் திறந்தது. அங்கிருந்து லிமரிக் வழியாக டப்ளின் வரை ஓட்டுவதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்புறம் முதல் மூன்று புள்ளி, ஐரிஷ் கடல்.

அக்கரையில் லிவர்பூலில் இறங்கி இ20 எங்கே என்று பலகையைத் தேடினால் கிடைக்காது. ஒப்பந்தப் பட்டியலில் பிரிட்டன் உண்டு, ஆனால் தன் சாலையோரத்தில் இந்தப் பச்சைப் பலகையை அது நடுவதில்லை. நீங்கள் இ20-இல்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாது, பக்கத்து வண்டிக்காரருக்கும் தெரியாது. கண்ணில் படுவதெல்லாம் எம்62 என்ற நீலப் பலகைதான்.

அந்த எம்62, பென்னைன் மலைத்தொடரைத் தாண்டும் இடத்தில் 372 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. பிரிட்டனின் விரைவுச்சாலைகளில் இதுதான் உச்சி. கிழக்கே இறங்கத் தொடங்கியதும் ஒரு வேடிக்கை. போகும் பாதையும் வரும் பாதையும் திடீரென்று விலகுகின்றன. நடுவில் ஒரு வீடு, கொட்டகை, புல்வெளி, மேயும் ஆடுகள். ஸ்டாட் ஹால் பண்ணை, 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது. இரண்டு பக்கமும் லாரிகள் சீறிக்கொண்டு போக, ஆடு பாட்டுக்கு மேய்கிறது. நிலத்தை விற்க மாட்டேன் என்று பண்ணைக்காரர் அடம்பிடித்ததால் சாலை சுற்றிப் போகிறது என்று ஊரெல்லாம் கதை. நல்ல கதைதான், ஆனால் உண்மை அது இல்லை. அங்கே பூமிக்கடியில் ஒரு பிளவு ஓடுகிறது, சரிவும் கடுமை. இரண்டு பாதையையும் ஒரே மட்டத்தில் ஒட்டிப் போட முடியவில்லை, பிரித்தார்கள். பிரித்ததில் பண்ணை பிழைத்துக்கொண்டது.

ஹல் துறைமுகத்தில் இரண்டாவது மூன்று புள்ளி, வட கடல். எதிர்க்கரை டென்மார்க்கின் எஸ்பியர். இங்கேதான் சிக்கல். ஹல்லிலிருந்து எஸ்பியருக்கு வண்டியை ஏற்றிப் போகப் பயணிகள் கப்பல் கிடையாது. முன்பெல்லாம் இங்கிலாந்தின் வேறொரு துறைமுகமான ஹார்விச்சிலிருந்தாவது எஸ்பியருக்குக் கப்பல் இருந்தது. 140 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய சேவை அது. 2014 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். மலிவு விமானங்கள் ஆளை இழுத்துக்கொண்டன. போதாததற்கு 2015 முதல் வட கடலில் கந்தகம் மிகக் குறைந்த விலையுயர்ந்த எண்ணெயைத்தான் கப்பல்கள் எரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. கட்டுப்படியாகவில்லை. ஆக, பட்டியலில் மூன்று புள்ளி அப்படியே இருக்கிறது, கப்பல் மட்டும் இல்லை. இ20-ஐ முழுக்க ஓட்டியே தீருவேன் என்று கிளம்புகிறவர் இங்கே நின்று, சுற்றுவழி கேட்க வேண்டியதுதான்.

கப்பல் இல்லாத மூன்று புள்ளி தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. ஐரோப்பாவைப் பார்த்து ஆசியாவுக்கும் ஐ.நா. இதே மாதிரி ஓர் எண் வரிசை வைத்திருக்கிறது, ஆசிய நெடுஞ்சாலை வலையமைப்பு. அதில் ஏஎச்43 என்ற சாலை ஆக்ராவில் தொடங்கி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, கிருஷ்ணகிரி, மதுரை வழியாக வந்து தனுஷ்கோடியில் கடலைத் தொடுகிறது. அக்கரையில் தலைமன்னாரில் மறுபடி ஆரம்பித்து, அனுராதபுரம், கொழும்பு தாண்டி, இலங்கையின் தென்கோடியில் மாத்தறையில் முடிகிறது. நடுவில் இருப்பது முப்பது கிலோமீட்டர் சுமாருக்குப் பாக்கு நீரிணையின் வாய். போட் மெயில் ஓடிய காலத்தில் ரயிலை விட்டிறங்கித் தனுஷ்கோடி இறங்குதுறையில் கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரையே எடுத்துக்கொண்டு போயிற்று. இன்றைக்குத் தனுஷ்கோடியில் சாலை முடியும் வளைவில் நின்று பார்த்தால் எதிரே அலைதான். ஆனால் எண்ணைக் கேட்டால், நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள்.

எண் கப்பலுக்காகக் காத்திருக்கும், எவ்வளவு காலம் ஆனாலும். அதற்குச் சாப்பாடா, தூக்கமா?

டென்மார்க்கில் கதை தலைகீழ். அந்த நாடே தீவும் தீபகற்பமுமாகக் கிடப்பது. எஸ்பியரிலிருந்து கோபன்ஹேகன் தாண்டி சுவீடன் போக மூன்று கடல்வாய்களைக் கடக்க வேண்டும். மூன்றிலுமே ஒருகாலத்தில் படகுதான். இப்போது மூன்றிலும் எஞ்சினை அணைக்காமல் போகலாம்.

முதலாவது சின்ன பெல்ட். இப்போதைய சாலைப் பாலம் 1970-இல் வந்தது. அடுத்தது பெரிய பெல்ட், 18 கிலோமீட்டர். நடுவில் ஸ்ப்ரோகோ என்று ஒரு குட்டித் தீவு இருந்தது வசதியாகப் போயிற்று. தீவுக்கு மேற்கே தாழ்வான பாலம், கிழக்கே உயரமான தொங்குபாலம். ஏன் இப்படி என்றால், பால்டிக் கடலுக்குள் போகும் பெரிய கப்பல்கள் கிழக்குப் பக்கத்து ஆழமான வழியில்தான் போகும். அது சர்வதேசக் கப்பல்வழி, அடைக்க முடியாது. அதனால் கடல் மட்டத்திலிருந்து 65 மீட்டர் உயரத்தில் சாலையைத் தூக்கி வைத்தார்கள். கம்பிகளைத் தாங்கும் தூண்கள் 254 மீட்டர். இரண்டு தூணுக்கும் நடுவே 1,624 மீட்டர் தூரம் வேறு தாங்கல் இல்லாமல் தொங்குகிறது. 1998 ஜூனில் கார்களுக்குத் திறந்தார்கள். கப்பலில் ஒரு மணி நேரம் எடுத்த தூரம், இப்போது கால் மணி நேரத்துக்கும் குறைவு. காற்று ரொம்ப பலமாக அடித்தால் மட்டும் மூடிவிடுவார்கள்.

மூன்றாவது ஓரெசுன்ட். கோபன்ஹேகனுக்கும் மால்மோவுக்கும் நடுவே உள்ள நீரிணை. டென்மார்க், சுவீடன் எல்லை அதன் நடுவில்தான் இருக்கிறது. 2000 ஜூலை 1 அன்று திறந்த இந்த இணைப்பை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் முதல்முறை பார்க்கிறவர் கொஞ்சம் மிரள்வார். சுவீடனிலிருந்து கிளம்பும் பாலம் கடலுக்கு நடுவில் ஒரு தீவைத் தொட்டு, அங்கேயே தண்ணீருக்குள் மூழ்கிக் காணாமல் போகிறது. பாலம் இடிந்துவிட்டதா என்று தோன்றும். இடியவில்லை. ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் பாலம், நான்கு கிலோமீட்டர் செயற்கைத் தீவு, மீதி நான்கு கிலோமீட்டர் சுரங்கம்.

ஏன் முழுக்கப் பாலமாகக் கட்டவில்லை? டென்மார்க் பக்கம் கரையோரத்திலேயே கோபன்ஹேகன் விமான நிலையம் இருக்கிறது. பாலத்தின் தூண்கள் 204 மீட்டர் உயரம். ஓடுபாதைக்கு எதிரே அப்படி ஒன்றை நிறுத்த முடியுமா? கப்பல்களுக்கும் அந்தப் பக்கம் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அதனால் அங்கே கடல் தரையில் பள்ளம் தோண்டி, கரையில் வார்த்த கான்கிரீட் குழாய்த் துண்டுகளை மிதக்கவிட்டு இழுத்து வந்து, பள்ளத்தில் இறக்கி ஒன்றோடொன்று பொருத்தினார்கள். மொத்தம் 20 துண்டுகள், ஒவ்வொன்றும் 176 மீட்டர் நீளம், 55,000 டன். துளைத்துப் போட்ட சுரங்கம் இல்லை இது, புதைத்து வைத்தது.

இன்னொரு கவலையும் இருந்தது. பால்டிக் கடலுக்கு உப்புத் தண்ணீர் வருவதே இந்தக் குறுகிய வாய்கள் வழியாகத்தான். தூணும் தீவும் வைத்து அந்த ஓட்டத்தைக் குறைத்துவிட்டால் உள்ளே மீனுக்கு ஆபத்து. ஆகவே கட்டுமானம் எவ்வளவு தண்ணீரை மறிக்குமோ அதற்கு ஈடாகக் கடல் தரையைத் தோண்டி ஆழமாக்கினார்கள். தோண்டிய மண்ணில்தான் அந்தச் செயற்கைத் தீவு. பக்கத்தில் ஏற்கெனவே இருந்த தீவின் பெயருக்கு உப்புத்தீவு என்று அர்த்தம். அதனால் புதியதற்கு மிளகுத்தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொதுமக்கள் அங்கே இறங்க முடியாது. யாரும் எதுவும் நடவில்லை, செடியும் பறவையும் தாமாக வந்து குடியேறின.

சுவீடனுக்குள் நுழைந்ததும் இன்னொரு பாடம். மால்மோவிலிருந்து கோத்தன்பர்க் வரை சாலைப் பலகையில் இ6, இ20 இரண்டும் சேர்ந்தே வரும். இரண்டு சாலை இல்லை, ஒரே சாலைக்கு இரண்டு எண். பஸ் ரூட் உதாரணத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. இரண்டு ரூட் பஸ்கள் கொஞ்ச தூரம் ஒரே ரோட்டில் போவதில்லையா, அதுதான். இ6 வடக்கே ஆஸ்லோவைப் பார்த்துப் போகிறது, இ20 கோத்தன்பர்க்கில் பிரிந்து கிழக்கே ஸ்டாக்ஹோமைப் பார்க்கத் திரும்புகிறது. வடக்கு நோக்கி ஓடும் இந்தத் துண்டில், கிழக்கு மேற்கு என்று சொல்லும் இரட்டைப்படை எண்கள் இரண்டு ஒட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? ஒன்று பலகைச் செலவால் வந்தது. இன்னொன்று நிலம் அப்படி வளைவதால். மொத்த இ20-ஐயும் எடுத்தால் அது கிழக்கு நோக்கித்தான் போகிறது.

வண்டி ஓட்டுகிறவருக்கு இதைவிட முக்கியமான ஒன்று. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் நம்மைப் போல இடது பக்கம் ஓட்ட வேண்டும். டென்மார்க்கில் கால் வைத்த நிமிடத்திலிருந்து வலது பக்கம். எண் மாறவில்லை, பக்கம் மாறிவிட்டது. சுவீடன்காரர்களும் ஒருகாலத்தில் இடது பக்கம்தான். 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 4.50-க்கு நாடு முழுக்க வண்டிகளை நிறுத்தி, மெதுவாக வலது பக்கத்துக்கு நகர்த்தி, ஐந்து மணிக்கு ஓட்டச் சொன்னார்கள். அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் வலதில் ஓட்டும்போது எல்லையில் ஒவ்வொரு முறையும் பக்கம் மாற வேண்டியிருந்தது ஒரு முக்கியக் காரணம். பன்னாட்டுச் சாலை என்பது வெறும் எண்ணாக இருந்தாலும், எல்லை தாண்டும் போக்குவரத்து ஒரு நாட்டையே இப்படி அசைத்துப் பார்க்கும்.

ஸ்டாக்ஹோமில் மூன்றாவது மூன்று புள்ளி, பால்டிக் கடல். இங்கே கப்பல் உண்டு. சாயங்காலம் வண்டியை ஏற்றினால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து தாலினில் இறக்கலாம். இந்த மாதிரிக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்குக் கப்பலைப் போல கிரேன் வைத்துத் தூக்குவது இல்லை. கப்பலின் ஒரு முனை கதவு மாதிரித் திறக்கும், வண்டிகள் தாமே ஓட்டிக்கொண்டு உள்ளே போய் நிற்கும், மறுகரையில் இறங்கும். கிட்டத்தட்ட மிதக்கும் சாலைத் துண்டு. வசதிதான், ஆனால் பலவீனமும் அந்தக் கதவில்தான் இருக்கிறது. 1994 செப்டம்பர் 28 அன்று தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போன எஸ்டோனியா என்ற கப்பலின் முன்முகக் கதவைப் புயல் அலை பிடுங்கியது. வண்டித் தளத்துக்குள் தண்ணீர் புகுந்து கப்பல் சாய்ந்து மூழ்கியது. 852 பேர் இறந்தார்கள். இ20-இன் வரியில் அந்த இடத்தில் இருப்பதும் மூன்று புள்ளிதான்.

தாலினிலிருந்து நேர் கிழக்கே 210 கிலோமீட்டரில் நார்வா. ஊரின் ஓரத்தில் அதே பெயரில் ஒரு நதி. நதிக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பாலம். அக்கரை ரஷ்யா, அங்கிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 150 கிலோமீட்டர்தான்.

ஹல்லில் கடல் இருந்தது, கப்பல் இல்லை. இங்கே கடலே இல்லை. ஆற்றின் மேல் நல்ல பாலம் இருக்கிறது, பட்டியலில் அந்த இடத்தில் போட்டிருப்பதும் கோடுதான், புள்ளி இல்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் ரஷ்யா தன் பக்கத்துச் சோதனைச் சாவடியில் வேலை நடக்கிறது என்று சொல்லி வண்டிகளை நிறுத்திவிட்டது. கொஞ்ச நாளில் எஸ்டோனியாவும் தன் பக்கத்தை இரவில் மூடத் தொடங்கியது. காரில் வருகிறவர் நார்வாவில் காரை விட்டுவிட வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்று, முறை வந்ததும் பாலத்தில் இறங்கி, இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே இ20-இல் நடந்து போக வேண்டும்.